கதிர்ப்போர்ப் படத்தில் இருந்த சிவப்புக் குல்லா

1861 செப்டம்பர் 16, திங்கட்கிழமை, காலை பத்து மணி. மாவட்ட விசாரணை நீதிபதியின் அறை. அழைப்பாணை இல்லாமல் தானாக வந்த சாட்சி சொன்னது, அவர் சொன்ன சொற்களிலேயே எழுத்தரால் எழுதப்படுகிறது.

என் பெயர் ஒனெசிம் லபார்த். வயது நாற்பத்தேழு. தகப்பனார் காலஞ்சென்ற இலேர் லபார்த், தோல் பதனிடுகிறவர். எனக்குத் தொழில் நிலக்காட்சி ஓவியம். குளிர்காலத்தில் பாரிஸில் ஒரு மாடியறையில் இருப்பேன். மே மாதம் முதல் அக்டோபர் வரை ஃபோந்தேன்ப்ளோ காட்டோரத்தில் உள்ள வியே-ஷேன் ஊரில் மதாம் பெல்லாணின் விடுதியில் தங்குகிறேன். ஆறு வருடமாக இப்படித்தான். மணமாகவில்லை. இதற்கு முன் எந்த வழக்கிலும் என் பெயர் வந்ததில்லை. கைதி ஃபிர்மேன் பிஷோவுக்கு நான் உறவல்ல, பழக்கம் உண்டு.

ஃபிர்மேன் பிஷோ காட்டிலிருந்து மரம் ஏற்றும் வண்டிக்காரன். வயது முப்பத்து நான்கு. ஆகஸ்ட் 14-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு விவசாயி சொஸ்தேன் மரோலின் வயலில் அடுக்கி நின்ற கோதுமைக் கதிர்ப்போர் எரிந்து போனது. ஃபிர்மேன்தான் தீ வைத்தான் என்று இம்மாதம் 9-ஆம் தேதி பிடித்துக்கொண்டு வந்தார்கள். குற்றம் நிரூபணமானால் அவனைக் கயேனுக்குத் தீவாந்தரம் அனுப்புவார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அவனுக்கு எதிராக இரண்டு சாட்சிகள். ஒன்று அவன் வாய். இன்னொன்று நான் வரைந்த எண்ணெய் வண்ணப் படம். அது இப்போது எனக்கு எதிரே நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார்கள்.

வரிசையாகச் சொல்லும்படி நீதிபதி சொல்கிறார். சொல்கிறேன்.

ஓவிய விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. அது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் நானே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கண்ணால் பார்த்ததை மட்டும், பார்த்த இடத்திலேயே, ஒரே அமர்வில் வரைந்து முடிப்பேன். விடுதிக்கு வந்த பிறகு ஒரு புல்லைக்கூடச் சேர்க்க மாட்டேன். பாரிஸில் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு மரத்தையும் மாட்டையும் இல்லாத இடத்தில் நட்டு வைக்கிறவர்களைச் சாப்பாட்டு மேசையில் நான் திட்டாத நாள் கிடையாது. படம் முடிந்ததும் பின்பக்கம் தேதி, மணி, காற்றின் திசை மூன்றையும் கரிக்கோலால் எழுதி வைப்பேன். மதாம் பெல்லாண் வாடிக்கையாளர்களிடம், "லபார்த் ஐயா படத்துல மேகம் கறுத்துச்சுன்னா நான் கொடியில காயிற துணிய உள்ள எடுத்துருவேன்" என்று கேலி செய்வார். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஃபிர்மேன் என் வண்ணப் பெட்டியையும் படம் தாங்கும் சட்டத்தையும் தன் வண்டியில் ஏற்றிக் காடு வரை கொண்டுபோய் விடுவான். கூலி வாங்க மாட்டான். கோடையிலும் தலையில் சிவப்புக் கம்பளிக் குல்லா. தூங்கும்போது கழற்றுவாயா என்று ஒருமுறை கேட்டேன். "அத என் பொண்டாட்டி கிட்டதான் கேக்கணும் ஐயா" என்றான். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மரத்தப் போடுறீங்க, மாட்டப் போடுறீங்க. என்னையும் ஒரு ஓரமா போடுங்களேன். செத்த பொறவும் எங்கயாச்சும் ஒரு செவுத்துல நின்னுக்கிட்டிருப்பேன்" என்பான். நான் வரையும்போது நீ அங்கே நின்றால்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு நிற்க நேரம் கிடைத்ததே இல்லை.

ஆகஸ்ட் 12-ஆம் தேதி நடந்தது இது. அறுவடை முடிந்து கட்டுகளை எடுத்த பிறகு வயலில் சிந்திக் கிடக்கும் கதிரை ஏழைகள் பொறுக்கிக்கொள்ளலாம். சூரியன் மறையும் வரை யாரும் தடுக்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். ஃபிர்மேனின் மனைவி ஒதில் மரோலின் வயலில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மரோல் வந்து, பொழுது இருக்கும்போதே, அவள் மடியில் இருந்த கதிரையெல்லாம் தரையில் கொட்டவைத்து, அதன்மேல் ஆடுகளை விட்டார். அதன் பிறகு அன்று மாலை ஊர்க் குழாயடியில் ஃபிர்மேன் அவரைப் பார்த்து, "பொம்பள மடியில இருந்தத கொட்ட வச்சியே, உன் போரு ஒருநா சாம்பலா போகும்டா, பாத்துக்கிட்டே இரு" என்று கத்தினான். குழாயடியில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நானும் இருந்தேன். தூரிகை கழுவிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஆகஸ்ட் 14, புதன்கிழமை. மதியம் மூன்று மணிக்கு மரோலின் வயலுக்குத் தென்மேற்கே உள்ள மேட்டில் சட்டத்தை நாட்டினேன். எதிரே அறுத்த வயல், நடுவில் கதிர்ப்போர், அதற்கு அப்பால் காட்டின் விளிம்பு, மேலே பெரிய வானம். மேற்குக் காற்று. நான்கு மணிவாக்கில் ஒரு மேகம் சூரியனை மறைத்தது. வெளிச்சம் மாறினால் நான் கை வைக்க மாட்டேன். அரை மணி போலக் காத்திருந்தேன். மேகம் விலகியதும் மீண்டும் வரைந்து ஐந்து மணிக்கு முடித்தேன். பின்பக்கம் "ஆகஸ்ட் 14, மூன்று முதல் ஐந்து, மேற்குக் காற்று" என்று எழுதினேன். அந்த நேரத்தில் வயலில் ஒரு மனிதரையும் நான் பார்க்கவில்லை. படத்திலும் அன்று ஒரு மனிதரும் இல்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆறு மணிக்குப் போர் எரிகிறது என்று கோயில் மணி அடித்தது. ஊரே வயலுக்கு ஓடியது. நானும் ஓடி வாளி கைமாற்றினேன். ஃபிர்மேன் வண்டியில் பீப்பாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தான். குதிரை நெருப்பைக் கண்டு முரண்டு பிடித்தபோது அவனே பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். அவன் புருவம் பொசுங்கியது. "அந்தாளு எக்கேடும் கெடட்டும், கோதும என்னய்யா பாவம் பண்ணுச்சு" என்று என்னிடம் சொன்னான். இதை இதுவரை யாரும் வாக்குமூலத்தில் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு படம் விடுதிக் கூடத்தில் காய்ந்துகொண்டிருந்தது. நான் தினமும் சூப் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தேன். மஞ்சளும் பச்சையும் நீலமுமாக நன்றாகத்தான் இருந்தது, ஆனால் செத்துக் கிடந்தது. பச்சைக்கு நடுவே ஒரு பொட்டுச் சிவப்பு விழுந்தால் படம் முழுவதும் எழுந்து நிற்கும். இது எங்கள் தொழிலில் பயிற்சிப் பையனுக்குக்கூடத் தெரிந்த தந்திரம். அதைச் செய்கிறவர்களை நான் கேலி செய்திருக்கிறேன். செப்டம்பர் 2-ஆம் தேதி மதியம் கூடத்தில் யாரும் இல்லாதபோது தூரிகையை எடுத்து, போருக்கு இடப் பக்கம் நான்கு தொடுதலில் ஒரு ஆளைப் போட்டேன். கால் இரண்டு, நீல மேலங்கி ஒன்று, குல்லா ஒன்று. குல்லா போடும்போது ஃபிர்மேனை நினைத்துத்தான் போட்டேன். அவன் ஆசையும் தீரட்டும், என் படமும் பிழைக்கட்டும் என்று நினைத்தேன். மிச்சமிருந்த அதே சிவப்பில் வலது மூலையில் கையெழுத்தும் போட்டேன். படம் பிழைத்துக்கொண்டது. இப்போது பார்த்தாலும் தெரியும்.

மதாம் பெல்லாண் வந்து, "இந்த ஆளு எப்ப வந்தாரு?" என்று கேட்டார். "முதலிலேயே இருந்தான், நீங்கள் கவனிக்கவில்லை" என்றேன். அது பொய்.

அன்று மாலையே ஃபிர்மேன் படத்தைப் பார்த்துவிட்டான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒதிலைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். "பாருடி, குல்லாவப் பாரு, நான்தான்! பாரிசுல பெரிய மனுசங்க வீட்டு செவுத்துல தொங்கப்போறேன்" என்றான். அவள், "மூஞ்சியே இல்லையே" என்றாள். "மூஞ்சி எதுக்கு? இந்தக் குல்லா ஊர்ல வேற எவன்கிட்ட இருக்கு?" என்றான். வந்தவர் போனவரிடமெல்லாம் ஒரு வாரம் இதையே சொன்னான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அங்கே இரண்டு தவளைகள் இருந்தோம்.

செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மரோல் விடுதிக்கு ஒயின் குடிக்க வந்தார். படத்தைப் பார்த்தார். தன் போர் முழுசாக நிற்பதைப் பார்த்து முதலில் கண் கலங்கினார். அதன் பிறகு பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தார். படத்தைத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்தார். "ஐயா, நீங்க பாத்ததத் தவிர ஒண்ணும் போட மாட்டீங்கல்ல?" என்று என்னைக் கேட்டார். கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள், இரண்டு பேர் பாரிஸ் ஓவியர்கள். நான், "போட மாட்டேன்" என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனா என்று நீதிபதி கேட்கிறார். சொல்லியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன்.

மறுநாள் காலை ஊர்க் காவலர் வந்து ஃபிர்மேனையும் படத்தையும் ஒரே வண்டியில் ஏற்றினார். அது ஃபிர்மேனின் வண்டி. அன்றிலிருந்து இன்று வரை ஏழு நாள் ஆகிறது. ஏழு நாளும் நான் ஒரு கோடு வரையவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. காட்டுக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். ஏன் மறுநாளே வரவில்லை என்று கேட்டால், வெட்கம். பார்த்ததைத்தான் வரைவேன் என்று ஆறு வருடம் மேசையைத் தட்டியவன், ஒரு பொட்டுச் சிவப்புக்காகப் பொய் சொன்னேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

இன்று காலை இந்தக் கட்டடத்தின் நடையில் ஒதில் ரொட்டி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். "நீங்க போட்டதுதானே ஐயா. நீங்களே அத எடுத்துருங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நீதிபதி அவர்கள் கேட்கிறார்கள்: கைதி உங்களுக்குக் கூலியில்லாமல் வேலை செய்தவன், அவனைக் காப்பாற்ற நீங்கள் இதைச் சொல்லவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? அத்தாட்சி படத்திலேயே இருக்கிறது. அன்றே ஈர வண்ணத்தின்மேல் அந்த ஆளைப் போட்டிருந்தால் சிவப்பும் மஞ்சளும் ஒன்றோடொன்று குழம்பியிருக்கும். அடியை எடுக்காமல் மேலே உள்ளதை எடுக்க முடியாது. பத்தொன்பது நாள் காய்ந்த பிறகு போட்டதால் அது தனியாகப் பிரிந்து வரும். இதை இங்கேயே செய்து காட்ட அனுமதி கேட்டேன். படம் கெடுமே என்று எழுத்தர் சொன்னார். கெடட்டும் என்றேன்.

புகார்தாரர் சொஸ்தேன் மரோலும் அறைக்குள் அழைக்கப்பட்டார். அவர் முன்னிலையில், டர்பன்டைனில் நனைத்த துணியாலும் என் வண்ணக் கத்தியாலும் முதலில் கையெழுத்தையும், பிறகு அந்த ஆளையும் எடுத்தேன். கால்மணி நேரம் ஆனது. குல்லா பொருக்காக உரிந்து துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் அறுத்த வயலின் மஞ்சள், தூரிகை மயிர்க் கோடு முதற்கொண்டு, அப்படியே இருந்தது. நீதிபதி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஆள் பின்னால் சேர்க்கப்பட்டது என்று ஒத்துக்கொண்டு எழுத்தரை எழுதச் சொன்னார். படம் மறுபடியும் செத்துப்போனது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது. அது ஒரு நிமிடம்தான்.

மரோல் சும்மா இருக்கவில்லை. "படத்துல இல்லன்னா அவன் வயல்லயும் இல்லன்னு ஆயிருமா? என் நாயி சுல்தான் அன்னிக்கி மத்தியானம் பூரா போருக்கடியிலதான் படுத்துக் கெடந்துச்சு. அத இவரு போட்டாரா? நாயும் அங்க இல்லன்னு எழுதிக்குவீங்களா?" என்றார். நீதிபதி, அவர் சொல்வது நியாயம், படத்தில் இல்லாதவன் வயலில் இல்லை என்று ஆகாது, கைதியின் மிரட்டல் அப்படியே நிற்கிறது, அவன் காவலில்தான் இருப்பான் என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் படத்தில் இருந்த ஒரே பொய்யை என் கையாலேயே எடுத்துப் போட்ட பிறகும் அதைக் குறை சொல்கிறாரே என்ற கோபம். "நாய் இருந்தது. இல்லையென்று யார் சொன்னது? போருக்குப் பின்பக்கம், காற்று அடிக்காத இடத்தில், முன்னங்கால் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது. நான் உட்கார்ந்த மேட்டிலிருந்து பார்த்தால் தெரியாது, அதனால் போடவில்லை. கண்ணுக்குத் தெரியாததை நான் போட மாட்டேன்" என்றேன்.

நீதிபதி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அதன் பிறகு, "மேட்டிலிருந்து தெரியாத நாயை நீங்கள் எங்கிருந்து பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

இனிமேல் நான் சொல்வது சாட்சியின் வாக்குமூலமாக இருக்காது, எனக்கு எதிராகவே பயன்படலாம், நிறுத்திக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று நீதிபதி எச்சரித்தார். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். எடுத்து எழுதும்படி நான்தான் சொன்னேன்.

நான்கு மணிக்கு மேகம் வந்தது, காத்திருந்தேன் என்று மேலே சொன்னேன். எங்கே காத்திருந்தேன் என்று சொல்லவில்லை. மேகம் வந்தால் சுங்கானில், அதாவது புகைக்குழாயில், புகையிலை பிடிப்பது என் பழக்கம். மேட்டில் காற்று பலமாக இருந்ததால் தீக்குச்சி நிற்கவில்லை. நான்கு குச்சி வீணானது. அதனால் வயலில் இறங்கி, போரின் கிழக்குப் பக்கம், காற்று மறைவில் போய் நின்று பற்றவைத்தேன். காற்றின் திசையைப் படத்தின் பின்னால் நானே எழுதியிருக்கிறேன். நாய்க்குப் பையிலிருந்த பாலாடைக்கட்டியின் ஓரத்தைப் போட்டேன். நிழலில் வைக்கோல் என்ன நிறம் என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஊதா கலந்த பழுப்பு. அதன் பிறகு வயலில் வெளிச்சம் திரும்புவதைக் கண்டேன். வெளிச்சம் வந்தால் எனக்கு வேறு எதுவும் நினைவிருக்காது. சுங்கானைக் கால்செருப்பின் குதியில் தட்டிவிட்டு மேட்டுக்கு ஓடினேன். தட்டிய தணல் எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் சுங்கானை எடுத்தபோது அதன் பித்தளை மூடி இல்லை. மூன்று துளை போட்ட சிறிய மூடி, அறுந்த சங்கிலியில் இரண்டு கண்ணி என்னிடம் மிச்சம் இருக்கிறது. இதோ மேசைமேல் வைத்திருக்கிறேன். வழியில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபிர்மேனைப் பிடித்துக்கொண்டு போனது முதல் அந்த மூடியைப் பாதையில் தேடிக்கொண்டிருக்கிறேன். காட்டுக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தேன் என்று சொன்னது அதற்குத்தான். பாதையில் அது கிடைத்துவிட்டால் போரடியில் நான் ஒன்றும் செய்யவில்லை என்று நிம்மதியாக இருந்திருப்பேன். ஏழு நாளும் கிடைக்கவில்லை. எரிந்த இடத்துக்குப் போய்த் தேட எனக்குத் தைரியம் வரவில்லை.

சிவப்பை மட்டும் எடுத்தால் போதும், அவனை விட்டுவிடுவார்கள், மற்றதைச் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் இன்று காலை வந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது என் விஷயத்தில் ஏழு நாள் நடந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மரோல் எழுந்து நின்று, "ஐயா, அன்னிக்கி எங்கூட நின்னு வாளி எறச்சீங்களே ஐயா" என்றார். வெளியே போகச் சொன்னபோதும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டேதான் போனார்.

தீ கிழக்குப் பக்கம் அடியில் பிடித்தது என்று புகாரிலேயே இருக்கிறது. அந்த இடம் இன்னும் உழப்படவில்லை. நான் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க ஊர்க் காவலருக்கு இந்தப் படம் உதவும். போரின் நிழல் தரையில் விழும் வலது விளிம்பிலிருந்து நேர் பின்னால் போனால் நாய் படுத்திருந்த இடம். அதிலிருந்து மூன்று எட்டு. அங்கே சாம்பலைச் சலித்தால் மூடி கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் நான் சொன்னதில் மாற்றமில்லை. ஃபிர்மேன் பிஷோவை இன்றே விடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவன் மனைவி நடையில் இருக்கிறாள். அவளிடம் யாராவது சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன், என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். "கைதியின் நன்மைக்காக வந்த சாட்சி" என்று ஓரத்தில் குறித்திருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்தார். நான் மயக்கத்திலோ மிரட்டலிலோ இதைச் சொல்லவில்லை. சிவப்பு போன பிறகு அந்தப் படத்தில் மிஞ்சியிருப்பது முழுவதும் உண்மை. படத்தில் தெரியாத பின்பக்கத்தைப் பற்றி நான் இங்கே சொன்னதும் உண்மை.

(ஒப்பம்) ஒனெசிம் லபார்த்